தள்ள முடியாத வண்டி

அண்ணா,

உன்னைக் கொன்றது கோயில் தெரு. போலீஸ் காகிதத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி, நிலைதடுமாறி' என்று உன்னைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த வரி எனக்கு மனப்பாடம். அதில் தெரு கிடையாது, டிராக்டர் கிடையாது, வேடிக்கை பார்த்த மனிதர்கள் கிடையாது. நீயும் உன் வண்டியும் மட்டும் தனியாக, ஏதோ வானத்திலிருந்து ஏரிக்கரையில் விழுந்த மாதிரி இருக்கிறீர்கள்.

இன்று காலை என் புது வண்டியின் சீட்டிலிருந்து பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன். வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக்கும் புது ரப்பரும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. கை அப்படியே நின்றுவிட்டது. உன் வண்டியின் டாங்க் மேல் ஒட்டியிருந்த உறையை நீ கடைசிவரை எடுக்கவே இல்லை. "பொங்கலுக்கு எடுக்கலாம்மே, அதுவரைக்கும் கீறல் படாம கெடக்கட்டும்" என்றாய். வண்டியை மதகுப் பள்ளத்திலிருந்து கயிறு கட்டித் தூக்கியபோது அந்த உறை அப்படியே இருந்தது. சேறெல்லாம் உறையின் மேல்தான். பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கீறல் இல்லை.

நான் என் உறையை முதல் நாளே கிழித்துவிட்டேன். காத்திருக்கும் பழக்கம் எனக்குப் போய்விட்டது.

தனக்கு ஓட்டத் தெரியாவிட்டாலும் நைனா நமக்காக வாங்கிப் போட்ட பழைய நூறு சிசி வண்டியில் நாம் வேலைக்குப் போன காலைகள் உனக்கு நினைவிருக்குமா என்று கேட்கமாட்டேன். செத்தவர்களிடம் அப்படிக் கேட்பது ஒரு பாவனை. எனக்கு நினைவிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக நமக்கு இருப்பது ஒரே தார்ச்சாலை. அது கோயில் தெரு வழியாகத்தான் போகிறது. தெருவின் முதல் வீட்டுக்கு முன்னால் நீ எஞ்சினை அணைப்பாய். நான் இறங்குவேன். அங்கிருந்து கடைசி வீடு வரை நீ வண்டியைத் தள்ளுவாய். நான் சோற்றுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடப்பேன். தெரு முடிந்ததும் மறுபடி உதைத்துக் கிளப்பி, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டு நீ ஒரகடம் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாய். நான் வாலாஜாபாத் பஸ் ஏறி அரிசி ஆலைக்குப் போவேன். வண்டி வைத்திருந்த நாம் தினமும் முந்நூறு அடி நடந்தோம்.

இதை யாரும் சட்டம் என்று சொன்னதில்லை. கேட்டால், "அம்மன் குந்தினு கீற தெரு, மரியாதைக்கு எறங்கிப் போனா இன்னா கொறஞ்சிடும்?" என்பார்கள். அந்தத் தெருப் பிள்ளைகள் சைலன்சரைக் கழற்றிவிட்டு அதே அம்மன் முன்னால் அலறிக்கொண்டு போவார்கள். அம்மனுக்கு அவர்களின் சத்தம் கேட்காது, நம்முடையது மட்டும் கேட்கும்.

ஒருநாள் கோயிலை ஒட்டிய டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவன் உன்னைப் பார்த்துக் கேட்டான். "இன்னாடா, வண்டி ஒன்ன ஓட்டுதா, நீ வண்டிய ஓட்டுறியா?" பெஞ்சு முழுவதும் சிரித்தது. நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பின்னாலிருந்து பார்க்கவில்லை, உன் தோள் குலுங்கியதை வைத்துத்தான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தியபோது உன் முகத்தில் சிரிப்பு இல்லை. "லைசென்ஸ் எடுக்கப் போறேன்மே" என்றாய்.

எனக்கு அது சம்பந்தமில்லாத பேச்சாகத் தோன்றியது. நம் பக்கத்தில் யார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்கள்? நீதான் விளக்கினாய். "எல்லா பேப்பரும் கையில இருக்கணும். நாளைக்கு எவனும் எதுலயும் நம்மள மாட்டி வுடக் கூடாது." ஏரி வற்றிக் கிடந்த மாதங்களில், வெடித்த மண்ணில் செங்கல் வைத்து எட்டு போட்டுப் பழகினாய். ஒவ்வொரு முறையும் நீ காலை ஊன்றினாயா என்று பார்ப்பது என் வேலை. ஊன்றிவிட்டு ஊன்றவில்லை என்று சாதிப்பாய். தடத்தைக் காட்டி உன் வாயை அடைப்பேன். காஞ்சிபுரத்தில் ஒரே தடவையில் தேறினாய். கார்டு வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தியா ஃபுல்லா ஓட்டலாம்" என்று படித்தாய். பிறகு கொஞ்சம் யோசித்து, "முந்நூறு அடி தவுத்து" என்று சேர்த்துக்கொண்டாய்.

அடுத்து நீ செய்ததுதான் இன்றுவரை எனக்குள் கிடந்து அறுக்கிறது.

காஞ்சிபுரம் ஷோரூமுக்கு என்னையும் அழைத்துப் போனாய். எல்லாரும் வண்டி மேல் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் முகம் பார்த்து, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ ஒரு வண்டியிலும் உட்காரவில்லை. ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஹேண்டில்பாரைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாய். நூற்றைம்பது சிசியைத் தள்ளினாய், லேசாக நகர்ந்தது, விட்டுவிட்டாய். இருநூறையும் விட்டுவிட்டாய். விற்பனைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. நெற்றியில் சந்தனம் வைத்த நடுவயது மனிதர், பொறுமைசாலி.

"சார், உக்காந்து பாருங்க சார்."

"உக்காந்தா எல்லா வண்டியும் நல்லாதான் இருக்கும். எறங்கித்தான் பாக்கணும்" என்றாய் நீ.

கடைசியில் அந்தக் கறுப்பு முந்நூற்றைம்பதைப் பிடித்தாய். நூற்றுத் தொண்ணூறு கிலோவுக்கு மேல். பளிங்குத் தரையிலேயே அதை நாலு அடி நகர்த்துவதற்குள் உன் கழுத்து நரம்பு புடைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாய். அப்போதுதான் எனக்கு விளங்கியது. தள்ள முடியாத வண்டியை நீ தேடிக்கொண்டிருந்தாய். தள்ளவே முடியாத வண்டி என்றால் அந்தத் தெருவில் ஓட்டித்தானே ஆகவேண்டும்.

விற்பனைக்காரர் உன் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு நேர்மையாகத்தான் சொன்னார். புது லைசென்ஸ், ஓட்டிப் பழகியது நூறு சிசி, இரண்டு வருஷம் நடுத்தர வண்டி ஓட்டிவிட்டு இதற்கு வாருங்கள், பாரம் கைக்கு வர நாளாகும், ஈரத்தில் சாய்ந்தால் பிடிக்க முடியாது என்றார். அவருக்கு அதனால் வியாபாரம் குறையும். இருந்தும் சொன்னார். நீ கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், தங்கையாவது சொல்லட்டும் என்று. நான் உனக்கு முன்னால், "இத்தயே எடுத்துக்கோ" என்றேன். அவ்வளவு குஷி எனக்கு. தெருவில் இந்த வண்டி போகும் காட்சி மட்டும்தான் என் கண்ணில் ஓடியது.

நெல்லின் ஈரப்பதம் அளப்பது என் பிழைப்பு. மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்து, கருவியில் வைத்து, ஈரமா இல்லையா என்று சொல்லிவிட்டுத்தான் விலை பேச விடுவேன். அன்றைக்கு நான் எதையும் அளக்கவில்லை.

முதல் நாள் சவாரியை மறக்கமாட்டேன். வேலை முடிந்து உத்திரமேரூரிலிருந்து உன் பின்னால் ஏறிக்கொண்டேன். தெருவின் முதல் வீடு வந்தது. பழக்கதோஷத்தில் என் கால் இறங்கத் தயாரானது. "குந்து" என்றாய், திரும்பாமல். வண்டி தன் கனத்த குரலில் தெருவுக்குள் நுழைந்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மரியாதைக்கு எழுந்தார்கள் என்று நீ வீட்டில் நைனாவிடம் சொல்லிச் சிரித்தாய். நைனா சிரிக்கவில்லை. தட்டில் இருந்த சோற்றை அளைந்துகொண்டே இருந்தார்.

அம்மா போன பிறகு நம் வீட்டில் பயம் முழுவதையும் நைனா ஒருத்தரே வைத்துக்கொண்டார். அதில் அவருக்கு நியாயமும் இருந்தது. ஏரி மதகைத் திறந்து அந்தத் தெருக்காரர்களின் வயல்களுக்குத் தண்ணீர் கட்டுவது அவர் வேலை. அவர் அப்பாவும் அதைத்தான் செய்தார். நீ புது வண்டியில் தெருவுக்குள் போகத் தொடங்கிய பதினோராம் நாள், தெருக்காரர்கள் மதகடியில் வைத்து அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் புகாராவது கொடுத்திருக்கலாம். பையனுக்கு எடுத்துச் சொல்லு, வயசுப் பிள்ளைகள் இருக்கிற தெரு, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்று அக்கறையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று சாயந்திரம் நைனா உன் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏரிக் கர மேல போடா. நான் தெனம் நடக்கிற கரதான். ஒத்த கல்லு தட்டாது."

"ரோடு இன்னாத்துக்குப் போட்டு வெச்சிகீறாங்க, நைனா?"

"ரோடு அவுங்களுது."

"தாரு கவர்மெண்ட்டுது. வண்டி என்னுது. லைசென்ஸும் என்னுது. கரைல எலி போவும், பாம்பு போவும். நான் போ மாட்டேன்."

நைனா நாற்பது வருஷமாக அந்தக் கரையில் வெறுங்காலோடு நடப்பவர். எந்த இடத்தில் மண் இறுகியிருக்கிறது, எந்த இடத்தில் நண்டு வளை போட்டிருக்கிறது என்று அவர் பாதத்துக்குத் தெரியும். அந்தப் பாதத்தை நம்பித்தான் உன்னைப் போகச் சொன்னார். ஒரு மனிதன் கால் வைத்துத் தாண்டுகிற கரை இருநூறு கிலோ இரும்பைத் தாங்குமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? வண்டியே ஓட்டத் தெரியாத ஒருவர், வண்டி போகும் பாதையைத் தன் நடையை வைத்து அளந்தார். அவ்வளவுதான் அவர் செய்த பிழை. அதற்காக இப்போது தினமும் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறார்.

மறுநாள் எனக்கு வார விடுமுறை. முந்தின இரவு நல்ல மழை. மத்தியானம் மூன்றரைக்கு நீ போன் செய்தாய். உன் குரல் வித்தியாசமாக இருந்தது. மூச்சு வாங்கியது.

"கோயிலாண்ட டிராக்டர குறுக்க வுட்டு வெச்சிகீறானுங்க. டிரெய்லர் பொட்டியோட. இந்தச் சொவுத்துக்கும் அந்தச் சொவுத்துக்கும் சரியா கீது."

"எடுக்கச் சொல்லேன்."

"கேட்டேன். டிரைவர் சாப்பிடப் போயிகிறானாம். ஆறு பேரு பெஞ்சில குந்தினு கீறானுங்க. இந்த பாரத்தோட அந்த எடத்துல திருப்ப முடில. பின்னாலயே தள்ளிக்கினு வந்தேன்மே. தெரு மொன வரைக்கும்."

 தள்ளக் கூடாது என்பதற்காக வாங்கிய வண்டியை, அவர்கள் பார்த்திருக்க, பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாய். நூறு அடியாவது இருக்கும். யாராவது சிரித்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சொல்லியிருக்கவும் மாட்டாய்.

"கர மேல வரேன். டீ போட்டு வை" என்றாய்.

நான் சொன்ன பதில், "சரி, பாத்து வா."

மூன்று சொற்கள். இரு, நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வண்டியை மெயின் ரோட்டிலேயே பூட்டிவிட்டு நடந்து வா என்று சொல்லியிருக்கலாம். மழை பெய்த கரை, புது லைசென்ஸ், கனமான வண்டி, உன் கோபம், இத்தனையும் எனக்குத் தெரியும். ஷோரூமில் அந்த மனிதர் ஈரத்தைப் பற்றிச் சொன்னதும் தெரியும். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு டீத்தூளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது மதகுக்குப் பக்கத்தில் கரை உள்வாங்கியிருந்தது. பின்சக்கரம் இறங்கியிருக்கிறது. நீ காலை ஊன்றிப் பிடிக்கப் பார்த்திருக்கிறாய், தடம் இருந்தது. அந்தத் தடத்தையும் நான்தான் பார்த்தேன். ஏரிக்குள் எட்டு போட்டபோது பார்த்த மாதிரியே. நூறு சிசியாக இருந்தால் அந்த ஊன்றலில் நின்றிருக்கும். வண்டி உன்னோடு சாய்ந்து மதகின் கருங்கல் மேல் விழுந்தது. உன்னை முதலில் பார்த்தவர் நைனா. இதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி எழுதமாட்டேன்.

வண்டியைத் தூக்க வந்த மெக்கானிக் கியரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி ஃபர்ஸ்ட்ல கீதுபா" என்றார். அதை நாலு பேர் காதால் கேட்டார்கள். முதல் கியரில் அதிவேகம் போகிற வண்டியை உலகத்தில் யாராவது செய்திருந்தால் எனக்கும் காட்டுங்கள் என்று ஸ்டேஷனில் சொன்னேன். டிராக்டரைப் பற்றிச் சொன்னேன். நீ பாத்தியாமா என்று கேட்டார்கள். போனில் கேட்டேன் என்றேன். கேட்டது சாட்சி ஆகாது என்றார்கள். தெருவில் விசாரித்தார்கள். அன்றைக்கு அங்கே டிராக்டரே நிற்கவில்லை என்று தெரு மொத்தமும் ஒரே குரலில் சொன்னது. நிற்காத டிராக்டருக்காக நீ உன் வண்டியை நூறு அடி பின்னால் தள்ளியிருக்கிறாய்.

உன் சாவுக்குத் தெருவிலிருந்து மாலை வந்தது. துக்கம் கேட்க ஆள் வரவில்லை. கொண்டுவந்து கொடுத்தவன் காலனி எல்லையிலேயே நின்று, நைனாவின் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்துப் பேசினான். புது லைசென்ஸ், பெரிய வண்டி, ரத்தச் சூடு, சொன்னால் எங்கே கேட்கிறார்கள் என்று. அந்த மாலையை வாங்கி ஆட்டுக்குப் போட்டேன். ஆடு தின்றது. ஆட்டுக்கு மானம் கிடையாது, அதைக் குறை சொல்ல முடியாது.

ஊரில் யாரைக் கேட்டாலும் இப்போது உன் கதை இதுதான். அடங்காத பையன், தாங்காத வண்டி. நம் சாதிசனமே தங்கள் பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்லிப் பயமுறுத்துகிறது. உன்னைக் கொன்றதைவிட இதுதான் அவர்களின் பெரிய வெற்றி என்று நினைக்கிறேன். கொலையையும் செய்துவிட்டு, அதன் காரணத்தையும் உன் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

நைனா மறுநாளிலிருந்து மதகுக்குப் போகவில்லை. சண்டை போடவில்லை, காரணம் சொல்லவில்லை, மதகுச் சாவியைக் கோயில் வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டார். தெருக்காரர்களே தண்ணீர் திறந்தார்கள். யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று தெரியாமல் ஒருத்தன் நாற்று மூழ்கியது, இன்னொருத்தன் நாற்று காய்ந்தது. இரண்டு பேரும் வரப்பில் அடித்துக்கொண்டார்கள். கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன், உனக்கு எழுதும்போது கூட நல்லவளாக நடிக்க எனக்கு நேரமில்லை. அந்த நாற்று மொத்தமும் அழுகியிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

பழி வாங்கவேண்டும். இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. எப்படி என்பதில்தான் மாதக்கணக்கில் யோசித்தேன். கை ஓங்கினால் அவர்களுக்கு வசதி. வழக்குப் போட ஆள் இருக்கிறது, அடிக்க ஆள் இருக்கிறது, அதற்கெல்லாம் பழகியவர்கள். பதில் இல்லாத இடத்தில் அடிக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு எனக்கு முதலில் ஒரு லைசென்ஸ் தேவைப்பட்டது.

அந்தப் பழைய நூறு சிசி வண்டியில், நீ பழகிய அதே ஏரி மண்ணில் பழகினேன். பெண்ணுக்கு எதற்குக் கியர் வண்டி என்று காலனியில் சிரித்தவர்கள், எதற்கு என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். எட்டு போட்டேன். காலை ஊன்றவில்லை. பார்த்துச் சொல்ல ஆள் இல்லாததால் நானே இறங்கி என் தடத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அதே ஷோரூம். அதே மனிதர், அதே சந்தனம். "ஸ்கூட்டி அந்தப் பக்கம்மா" என்று கையைக் காட்டினார். எனக்குப் பெரிய வண்டி வேண்டும் என்றதும் முகத்தைப் பார்த்தார், அடையாளம் தெரிந்துவிட்டது. செய்தி அவருக்கும் போயிருந்தது. கையில் இருந்த விலைப்பட்டியலை மேஜையில் வைத்தார்.

"அன்னிக்கே சொன்னேம்மா" என்றார், மெதுவாக.

"சொன்னீங்க. நாங்க கேக்கல. இன்னிக்கி சொல்லுங்க, எய்திக்கிறேன்."

உண்மையிலேயே எழுதிக்கொண்டேன். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியவேண்டும். பாரம் கீழே இருக்கவேண்டும். ஈரத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் இரண்டு பக்கமும் வேண்டும். விழுந்தால் தனி ஆளாகத் தூக்க முடியவேண்டும். இதைச் சொன்னதும், தூக்கிப் பார்க்கிறேன் என்றேன். தயங்கினார். பின்கட்டில் ஓட்டிக்காட்ட வைத்திருந்த பழைய வண்டி ஒன்றைச் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார். முதல் தடவை முடியவில்லை. முதுகைக் கொடுத்து, ஹேண்டிலையும் பின்கம்பியையும் பிடித்து, காலால் தள்ளித் தூக்கவேண்டும் என்று காட்டினார். மூன்றாவது தடவை எழுந்தது. உனக்கு இதை யாரும் காட்டவில்லை. நீ கேட்கவும் இல்லை. உன் அவசரமெல்லாம் அந்தத் தெருவைப் பற்றியதாகவே இருந்தது.

இன்னும் ஒன்று மட்டும் அவர் சொல்லாதது, என்னுடையது. கோயில் தெருவின் அகலத்தைக் காலால் அளந்து வைத்திருந்தேன். பதினெட்டு அடி. பின்கட்டில் சாக்கட்டியால் இரண்டு கோடு போட்டேன், பதினெட்டு அடி இடைவெளியில். எந்த வண்டியை அந்தக் கோட்டுக்குள், காலை ஊன்றாமல், இறங்காமல், ஒரே வளைவில் திருப்ப முடிகிறதோ அதுதான் என் வண்டி என்றேன். எதற்கு என்று அவர் கேட்டார். எங்கள் வழியில் டிராக்டர் நிற்கும் என்றேன்.

இரண்டு வண்டி கோட்டைத் தாண்டியது. மூன்றாவது உள்ளேயே திரும்பியது. உன் வண்டியைவிட முப்பது கிலோ குறைவு, எஞ்சின் வலுவில் உன் வண்டிக்குக் குறைவில்லை. எடுத்துக்கொண்டேன்.

கோபித்துக்கொள்ளாதே, உன்னிடம் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். உன் வண்டியை நீ தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். உன் உயரம், உன் கை வலு, உன் பழக்கம் எதையும் நீ பார்க்கவில்லை. அந்தத் தெருவை மட்டும் பார்த்து வாங்கினாய். நானும் கைதட்டினேன். அந்தக் கடனில் பாதி என்னுடையது. இந்த வண்டியை நான் என் உயிரைப் பார்த்து வாங்கியிருக்கிறேன். நான் செத்தால் அவர்களுக்கு இன்னொரு கதை கிடைத்துவிடும், அண்ணன் மாதிரியே தங்கையும் என்று. அந்தக் கதையை அவர்களுக்குக் கொடுக்கமாட்டேன். நிறைய நாள் இருந்து அவர்கள் கண்ணில் உறுத்துவேன்.

நேற்றிரவு ஷோரூம் வேனில் வண்டி வீட்டுக்கு வந்ததும் நைனா சுற்றிச் சுற்றி வந்தார். ஹேண்டிலைப் பிடித்து இரண்டு அடி தள்ளிப் பார்த்தார்.

"தள்ள முடியுதே" என்றார்.

"முடியும், நைனா. ஆனா தள்ள மாட்டேன்."

அவர் உள்ளே போனார். உன் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். எனக்கு அது கொஞ்சம் பெரிது. உள்ளே கைக்குட்டையை மடித்து வைத்துப் போட்டுக்கொண்டேன். உன் தலை எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

அந்தத் தெருவில் டிராக்டர் மூன்றே பேரிடம்தான் இருக்கிறது. போன மாதமே நடந்து போய் மூன்று வீட்டிலும் கேட்டுவிட்டேன். முதல் வீட்டில், அந்த வாரம் தன் டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது என்றார். இரண்டாவது வீட்டில், போனது போய்விட்டது, உனக்கு ஒரு நல்ல இடமாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொள் என்றார்கள். மூன்றாவது வீட்டில் கேட்டைச் சாத்தினார்கள்.

இன்று காலை எட்டு மணிக்குக் கோயில் தெருவில் நுழைந்தேன். முதல் வீட்டில் இறங்கவில்லை. இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. வேகமாகப் போனால் பயந்து ஓடுகிறாள் என்பார்கள், அதிவேகம் என்று எழுதவும் வசதி. ஒவ்வொரு வீட்டையும் பார்த்துக்கொண்டே போனேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வாளியோடு நிமிர்ந்து நின்றாள், முகத்தைத் திருப்பவில்லை. கோயில் வந்தது. டீக்கடை பெஞ்சில் ஐந்தாறு பேர். நான் நிறுத்தினேன். இரண்டு பாதமும் தார் மேல் முழுசாகப் பதிந்தன. எஞ்சினை அணைக்கவில்லை.

அன்று உன்னைக் கேலி செய்தவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "இன்னாமா, அண்ணன் வழியிலயே கெளம்பிட்ட போலக்கீது. பாத்து ஓட்டு, புது லைசென்ஸு."

"பாத்துதான் ஓட்டுறேன். அண்ணன் போன வழி இது இல்ல. இந்த வழியாத்தான் வந்தாரு, நீங்க வுடல. அதத்தான் கேக்க வந்தேன்."

ஹெல்மெட்டைக் கழற்றி டாங்க் மேல் வைத்தேன், முகம் தெரியட்டும் என்று. உன் வாசனை என்னைச் சுற்றி நின்றது. 

"அன்னிக்கி மூணரைக்கு இங்க டிராக்டர குறுக்க வுட்டது யாரு?"

ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். இன்னொருவர் செய்தித்தாளைப் புரட்டினார், அது தலைகீழாக இல்லை, ஆனால் கண் எழுத்தில் ஓடவில்லை. கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு மறுபடி ஆற்றினார். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இறங்கச் சொல்லவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, நிதானமாக, என் இரண்டு காலுக்கு நடுவில்.

"பேரச் சொல்லுங்க."